டிராக்டரில் ஏறிய ஊர்

காப்புக் கட்டிய அன்று அம்மன் கோயில் வாசலில் இருந்தவர்கள்: பூசாரி, நாட்டாமை, கூத்தாடப் போகிற ஆட்கள் அத்தனை பேரும், அவர்களுக்கு வாத்தியாரான ஏழுமலை, என் அம்மா, எங்கள் தெருப் பெண்கள், எங்கள் வீட்டு நெல் அறையில் குடியிருந்த பின்லாந்துக்காரப் பெண் எலினா. இல்லாதவன் நான் ஒருவன்தான். வேஷத்துக்கு வேண்டிய அரிதாரமும் ஜிகினாத்தாளும் வாங்க வில்லியனூருக்குப் போயிருந்தேன்.

நான் அங்கே இருந்திருந்தால் தடுத்திருப்பேன்.

மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கியதும் எலினா ஓடிவந்து கையை நீட்டினார். மணிக்கட்டில் ஈரம் காயாத மஞ்சள் நூல், அதில் கோத்த ஒரு துண்டு விரலி மஞ்சள். மஞ்சள் வழிந்து முழங்கை வரை கோடு போட்டிருந்தது. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"யாரும்மா இதக் கட்டச் சொன்னது?" என்று அம்மாவைக் கேட்டேன்.

"நான்தான். புள்ள தனியா ஓரமா நின்னுகினு இருந்திச்சி. வேசம் கட்டப் போற புள்ளக்கி காப்பு வாணாமா? கையப் புடிச்சி இட்டுனு போயி வரிசைல நிக்க வச்சேன். ஏன்டா, மூஞ்சி இன்னாத்துக்கு இப்பிடிப் போவுது?"

எங்கள் ஊர் வழக்கப்படி, திருவிழாவுக்குக் காப்புக் கட்டிக்கொண்டவர், தீமிதி முடிந்து அதை அவிழ்க்கிற வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. ஒரு காலை வைத்துவிட்டு எடுத்தாலும் குற்றம்தான். திருவிழாவே கெட்டுப்போனதாக ஆகிவிடும்.

எலினாவோ புதன்கிழமை பாண்டிச்சேரிக்குப் போயே ஆக வேண்டும். அவர் இந்த நாட்டில் தங்குவதற்கான அனுமதி அன்றோடு முடிகிறது. முன்பே ஒருமுறை போனோம். அதிகாரி லீவில் இருந்தார், புதன்கிழமை வரச் சொல்லிவிட்டார்கள். நேரில் போய், அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். போகாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் புறப்பட வேண்டியதுதான். எந்த வெள்ளிக்கிழமைக் காலைக் கூத்துக்காக இத்தனை காலம் ஆடக் கற்றாரோ, அந்த வெள்ளிக்கிழமை அவர் இங்கே இருக்க மாட்டார்.

தம்பிமார்களில் ஒருத்தர்

எலினாவைப் பற்றிச் சென்ற வாரம் கொஞ்சம் சொன்னேன். இன்றைக்குத்தான் பத்திரிகையைக் கையில் எடுத்தவர்களுக்காக மறுபடியும் சொல்கிறேன்.

தன் நாட்டில் கிராமத்து நடனங்களைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர் அவர். எங்கள் பக்கத்துக் கூத்தைப் பற்றி எப்படியோ கேள்விப்பட்டு, தன்னந்தனியாகக் கிளம்பிவந்து, மடுகரை பஸ்ஸில் ஏறி, ஏழுமலையின் சைக்கிள் ரிப்பேர் கடை வாசலில் இறங்கினார். எங்கள் வீட்டில் நெல் மூட்டைகளை ஒரு பக்கமாக அடுக்கிவிட்டு, மறுபக்கம் கயிற்றுக் கட்டில் போட்டுக் கொடுத்தோம். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் ஊரில் எனக்குக் 'காலேஜி' என்று பெயர். எலினாவின் இங்கிலீஷை ஊருக்கும், ஊரை எலினாவுக்கும் சொல்கிற வேலை என் தலையில் விழுந்தது.

சமைப்பது, துணி துவைப்பது, காய்ச்சலில் படுப்பது எல்லாம் யாரையும் எதிர்பார்க்காமல் தனியாகவே. ஒருமுறை காய்ச்சலில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டார். அம்மா கஞ்சியோடு போய்க் கதவை இடித்தாள். "ஏன்டி, செத்துப் போனாகூட சொல்ல மாட்டியா?" எலினா என்னைப் பார்த்தார். இதை எப்படி இங்கிலீஷில் சொல்வது? "உங்கள் மேல் அம்மாவுக்கு ரொம்பப் பிரியம்" என்று சொல்லிவைத்தேன். அதன் பிறகு அந்த அறைக் கதவு பகலில் சாத்தப்பட்டதே இல்லை.

விடிந்ததும் களத்துமேட்டில் கிறிக்கி பழகுவார். கிறிக்கி என்றால் பம்பரமாகச் சுழல்கிற அடி. கூத்துக்கு அதுதான் உயிர். ஆரம்பத்தில் நாலு சுற்றுச் சுற்றுவார், வைக்கோல் போரில் போய் விழுவார். தலைமுடியெல்லாம் வைக்கோல். ஏழுமலை பஞ்சர் ஒட்டிய கையோடு வந்து நின்று சொல்வார்: "தல சுத்துதுன்னா பூமி மேல கோவப்படாத. அது பாட்டுக்கு அது சுத்துது. நீ பாட்டுக்கு நீ சுத்து." வெடித்த குதிகாலுக்கு விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு மறுபடியும் சுற்றுவார்.

எங்கள் கூத்தில் பெண் வேஷத்தையும் ஆண்கள்தான் கட்டுவார்கள். பெண்பிள்ளை ஆடுவதா என்று பேச்சு எழுந்தபோது ஏழுமலை, "ஆம்பள பொம்பள வேசம் கட்டலாம்னா, பொம்பள ஆம்பள வேசம் கட்டக்கூடாதா?" என்று கேட்டார். கதையில் ராஜாவுக்குத் தம்பிமார் கணக்கில்லாமல் உண்டு. "அதுல ஒருத்தனா வந்துட்டுப் போவட்டும். எவன் எண்ணப் போறான்?" வசனம் கிடையாது, ஆட்டம் மட்டும். அப்படித்தான் எலினா ராஜாவின் தம்பி ஆனார்.

அவருடைய தமிழையும் சொல்ல வேண்டும். கூத்து வசனத்தைக் கேட்டே கற்றதால் அவருக்குத் தெரிந்ததெல்லாம் அரண்மனைத் தமிழ். கடைக்குப் போய், "ஐயா, ஒரு தேங்காய் தாரும்" என்பார். கடைக்காரரும் சளைக்காமல், "உத்தரவு மகாராஜா" என்று எடுத்துக் கொடுப்பார்.

சொல்தாவின் பிரெஞ்சு

இந்த இடத்தில் இன்னொரு ஆளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்பார்கள். எங்கள் ஊரிலும் ஒருவர் உண்டு. வெள்ளைக்காரி வந்திருக்கிறாள் என்று கேட்டதும், சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து, ஊரே கூடி நிற்க, பிரெஞ்சில் நீளமாக ஒரு வரவேற்புச் சொன்னார். பின்லாந்துக்காரருக்குப் பிரெஞ்சு எங்கே தெரியும்? எலினா கைகூப்பி விழித்துக்கொண்டு நின்றார்.

"இத்தினி வருசமா பிரெஞ்சு தெரியும்னு நம்பள ஏமாத்திகினு இருந்திருக்காருடா!" என்று ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. நான் எவ்வளவோ விளக்கினேன். வெள்ளைக்காரர்களுக்கு வேறுவேறு பாஷை உண்டு என்பதை ஒருவரும் நம்பவில்லை. சொல்தா டீக்கடைக்கு வருவதையே நிறுத்திவிட்டார்.

விஷயம் தெரிந்ததும் எலினா அவர் வீட்டுக்குப் போய், இரண்டு மூன்று பிரெஞ்சு வாக்கியங்களை அவரிடமே மனப்பாடம் செய்துகொண்டார். மறுநாள் டீக்கடையில் எல்லார் முன்னாலும் சத்தமாக அதைச் சொல்லி அவருக்கு வணக்கம் வைத்தார். சொல்தா மீசையைத் தடவிக்கொண்டே பதில் சொன்னார். அன்றைக்கு ஊருக்கெல்லாம் அவர் செலவில் டீ.

பூசாரி சிரிக்கவில்லை

காப்பு விவகாரத்தைக் கேட்டதும் கோயில் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. அம்மா ஒரு மூலையில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"ஏன்டா காலேஜி, உனுக்குத் தெரியுமில்ல? முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?" என்றார் நாட்டாமை.

"வெளியூர்க்காரங்களுக்குக் காப்புக் கட்டுவீங்கன்னு எனக்கு எப்பிடிங்க தெரியும்?"

"சரி, அந்த ஆபீசர இங்க இட்டாந்தா?" என்று ஒருவர் கேட்டார்.

"தண்ணி டேங்க் தொறக்கறதுக்கே எவனும் வர்ல. கையெழுத்து வாங்க வருவானா?"

"காப்ப அவுத்துட்டு, போயிட்டு வந்து கட்டிக்கினா?"

பூசாரிக்குக் கோபம் வந்துவிட்டது. "அது இன்னா வாட்சா, அவுத்து அவுத்துக் கட்டறதுக்கு?"

எலினாவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். தூணில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு இங்கிலீஷில் மெதுவாக, "எல்லை தாண்டினால் உங்கள் அம்மாவைத்தானே எல்லாரும் சொல்வார்கள்? நான் போகவில்லை. ஊருக்கே திரும்பிவிடுகிறேன்" என்றார். அதை மொழிபெயர்க்க எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தே எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

அதைப் பார்க்கத் தாங்காமல்தான் ஏழுமலை வாயைத் திறந்தார். கூத்தில் அவர் கட்டியக்காரன், கோமாளி வேஷம். எந்த நேரத்திலும் சிரிக்க வைப்பது அவருக்குத் தொழில்.

"அப்ப ஒரே வழிதான். ஊரத் தூக்கி தேவராசு டிராக்டர்ல போட்டு, அது மேல இத நிக்க வச்சி இட்டுனு போவ வேண்டியதுதான்."

எல்லாரும் சிரித்தார்கள். பூசாரி சிரிக்கவில்லை.

"ஏன், அதுல இன்னா தப்பு?" என்றார். "எல்லன்றது இன்னா? நம்ப மண்ணு முடியற எடம். நம்ப மண்ணுலேந்து கால எடுக்கலன்னா அவ எல்லைய எங்க தாண்டனா?"

"யோவ், நான் தமாசுக்குச் சொன்னேன்யா!"

"நீ தமாசுக்குத்தான் சொன்ன. சொல்ல வச்சது யாரு?" என்று பூசாரி கருவறைப் பக்கம் கையைக் காட்டினார்.

சிவப்புப் பூவை ஒரு பொட்டலத்திலும் வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் கட்டி அம்மன் காலடியில் போட்டார்கள். ஒரு சின்னப் பெண் ஒன்றை எடுத்தாள். வெள்ளை வந்தது. உத்தரவு கிடைத்துவிட்டது. ஆனால் பூசாரி மூன்று கட்டளை போட்டார். கால் வேறு மண்ணில் படக் கூடாது. விளக்கு வைப்பதற்குள் திரும்ப வேண்டும். கொண்டுபோன மண் திரும்பி வர வேண்டும்.

புதன்கிழமை காலை, கரும்பு ஏற்றுகிற டிரெய்லரைத் தேவராசு கழுவிக் கொண்டுவந்து நிறுத்தினான். கோயில் வாசல் மண் முதலில் விழுந்தது. பிறகு ஏரிக்கரை மண், களத்துமேட்டு மண். பிறகு தெருத்தெருவாகப் பெண்கள் அவரவர் வாசல் மண்ணைக் கூடையில் கொண்டுவந்து கொட்டினார்கள்.

"எங்க வூட்டு மண்ணு மேல இருக்கட்டும்."

"ஏன், எங்க வூட்டு மண்ணுல இன்னா முள்ளா கெடக்குது?"

அம்மா கடைசியில் ஒரு கூடை கொண்டுவந்து கொட்டி, கையால் தட்டிச் சமப்படுத்தினாள். எலினா வெறுங்காலோடு ஏறி நின்றார். வாத்தியார் என்ற முறையில் சாட்சி சொல்ல ஏழுமலையும் கைத்தாளத்தோடு ஏறிக்கொண்டார். அவர் கையிலும் காப்பு. அவருக்கும் அதே சட்டம். நானும் தேவராசும் காப்புக் கட்டாதவர்கள். வண்டி கிளம்பியதும் பெண்கள் குலவையிட்டார்கள்.

என்ன லோடு?

எங்கள் பக்கத்து வரைபடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இங்கே பாண்டிச்சேரி, கொஞ்ச தூரம் போனால் தமிழ்நாடு, மறுபடியும் பாண்டிச்சேரி. அந்தக் காலத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிற எந்த வண்டியிலும் சாராய பாட்டில் இருக்கும் என்பது போலீசின் நம்பிக்கை. செக்போஸ்டில் கையைக் காட்டி நிறுத்தினார்கள்.

"என்ன லோடு?"

"மண்ணுங்க" என்றான் தேவராசு.

"எங்க போகுது?"

"பாண்டிக்கிங்க."

"பாண்டியில மண்ணு இல்லையா? எதுக்கு?"

"திரும்பக் கொண்டார்றதுக்குங்க."

போலீஸ்காரர் தேவராசுவின் வாயை மோந்து பார்த்தார். பிறகு ஒரு கம்பியை எடுத்துவந்து மண்ணில் அங்கங்கே குத்தினார். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததால் சந்தேகம் அதிகமாகிவிட்டது. "மண்ணை இறக்கு. அந்தம்மாவையும் இறங்கச் சொல்லு."

"இறங்கோம்" என்றார் எலினா.

நான் காப்பைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். போலீஸ்காரரும் கிராமத்துக்காரர்தான் போலிருக்கிறது. காப்பைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. ஆனால் கடமை என்று ஒன்று இருக்கிறதே. பாதி மண்ணைக் கீழே தள்ளிப் பார்ப்பது, அதுவரை இருவரும் மறுபாதியில் நிற்பது, பிறகு இடம் மாறுவது என்று முடிவானது. தள்ளி, பார்த்து, அள்ளிப் போடுவதற்குள் வெயில் ஏறிவிட்டது. எலினாவின் மூக்கு செம்பருத்திப் பூ மாதிரி சிவந்துவிட்டது.

அள்ளும்போது தேவராசுக்கு ஒரு கவலை. "அண்ணே, தமிழ்நாட்டு மண்ணும் ஒரு கூடை கலந்துடிச்சிண்ணே."

"அங்கேந்து பொண்ணு எடுக்கறோம், அங்க பொண்ணு குடுக்கறோம். மண்ணு கலந்தா இன்னாடா? ஓட்டு வண்டிய" என்றார் ஏழுமலை.

மாடிப்படி

ஆபீஸ் மாடியில். இதை நாங்கள் யாருமே யோசிக்கவில்லை.

நான் மேலே ஓடினேன். அதிகாரி சாப்பாட்டுக்குக் கிளம்புகிற நேரம். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "ரிஜிஸ்டர் கீழே வராது, தம்பி. அவங்க மேலே வரணும். நான் கொஞ்ச நேரம் இருக்கேன்" என்றார்.

தேவராசு டிரெய்லரைப் பின்பக்கமாகக் கொண்டுவந்து வாசற்படியை ஒட்டி நிறுத்தினான். வண்டியில் மண் அள்ளுகிற இரும்புச் சட்டிகள் இரண்டு கிடந்தன. இரண்டிலும் மண்ணை நிரப்பினோம். ஒன்றில் எலினா நிற்பது. மற்றதை நான் அடுத்த படியில் வைப்பது. அதற்கு அவர் மாறியதும், பின்னால் விட்ட சட்டியைத் தேவராசு என் கையில் கொடுப்பது. பிரெஞ்சுக்காரன் காலத்து அகலமான மரப்படி என்பதால் சட்டி உட்கார்ந்தது.

ஏழுமலை வண்டியில் நின்றபடியே கைத்தாளத்தைத் தட்டினார். "அவசரப்படாத. அடுத்த படியப் பாக்காத. தாளத்தக் கேளு."

ஒரு தாளத்துக்கு ஒரு கால். எல்லா அறைகளிலிருந்தும் குமாஸ்தாக்கள் வெளியே வந்துவிட்டார்கள். டைப் அடிக்கிற சத்தம் நின்றுபோனது. தாளச் சத்தமும், சட்டி மரத்தில் உரசுகிற சத்தமும்தான்.

பாதிப் படியில் நான் வைத்த சட்டி சாய்ந்துவிட்டது. எலினா காலைத் தூக்கியாயிற்று. வைக்க இடம் இல்லை. ஒற்றைக் காலில், ஒரு சாண் அகலச் சட்டியில், இரண்டு கையையும் விரித்து நின்றார். நான் சட்டியை நிமிர்த்தி, சிந்தின மண்ணை அள்ளிப் போட்டு, மறுபடி வைக்கிற வரை அவர் கால் அசையவில்லை. தாளம் ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்றுத் தொடங்கும்போது, பூப்போல அந்தக் காலை இறக்கி வைத்தார்.

அதிகாரி எப்போது அறை வாசலுக்கு வந்து நின்றார் என்று தெரியவில்லை. எலினா கடைசிப் படியில், சட்டிமேல் நின்றபடி அவருக்கு வணக்கம் சொன்னார்.

"என்ன படிக்கிறீங்க?" என்று அவர் தமிழிலேயே கேட்டுவிட்டார்.

"ஐயா, நாம் கூத்துப் பயில்கிறோம். வெள்ளிக்கிழமை காலை ராஜாவின் தம்பியாக வருகிறோம். தாங்களும் வாரும்."

குமாஸ்தாக்கள் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார். ஆனால் ஒரு சிக்கல்: படிக்கிறார் என்றால் பள்ளியின் அத்தாட்சி வேண்டும். அது எங்களிடம் இல்லை. அவர் ஜன்னலைத் திறந்து கீழே பார்த்தார்.

"நீங்கதான் வாத்தியாரா?"

"ஆமாங்க" என்று ஏழுமலை மண்மேல் நின்றபடி அண்ணாந்தார்.

"பள்ளிக்கூடம் எங்கே?"

"கூத்து நடக்கற எடத்துலங்க."

"எத்தனை வருஷப் படிப்பு?"

"வுழாம நிக்கற வரைக்கும்ங்க."

"இவங்க நிக்கிறாங்களா?"

"நீங்கதான சார் பாத்தீங்க, மாடிப்படியில?"

அதிகாரி உள்ளே போனார். ரிஜிஸ்டரையும் மைப்பெட்டியையும் முத்திரைக் கட்டையையும் தானே தூக்கிக்கொண்டு வந்து, எலினா நின்ற சட்டிக்கு முன்னால் நீட்டினார். "எனக்கு ஊர் மாஹே, மலையாளப் பக்கம். எங்க ஊரிலும் தெய்யம்னு சாமி வேஷம் கட்டுறவன் விரதம் எடுத்தா இப்படித்தான். மேசை வரைக்கும் வர வேண்டாம்" என்றார். எலினா நின்றபடியே கையெழுத்துப் போட்டார். ஆறு மாதம் கேட்டிருந்தோம். மூன்று மாதம் கொடுத்தார். வாத்தியார் சாட்சி என்று எழுதிக்கொண்டு, கீழே ஆள் அனுப்பி ஏழுமலையின் கையெழுத்தையும் வாங்கினார்.

இறங்கும்போது பியூன் படியில் சிந்திக் கிடந்த மண்ணை ஒரு காகிதத்தில் பெருக்கி எடுத்துவந்து கொடுத்தார். "இதுவும் உங்க ஊருதான? எடுத்துட்டுப் போங்க."

கணக்கு

விளக்கு வைப்பதற்குள் வந்துவிட்டோம். பூசாரி டிரெய்லரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தமிழ்நாட்டு மண்ணைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வெயில் வருகிற நேரத்தில், புஜக்கட்டையும் கிரீடமும் கட்டி, முகமெல்லாம் சிவப்பு அரிதாரத்தோடு எலினா களத்தில் இறங்கினார். கிறிக்கி அடிக்க ஆரம்பித்ததும் கூட்டம் வட்டத்தைப் பெரிதாக்கியது. எத்தனை சுற்று என்று எனக்குத் தெரியாது. ஜிகினா மட்டும்தான் தெரிந்தது, ஆள் தெரியவில்லை. நின்றபோது, நட்டு வைத்த மாதிரி நின்றார்.

வெளியூர்க்காரர் ஒருவர் அம்மாவைக் கேட்டார்: "இந்தத் தம்பி எந்த ஊரு ஆளு? நல்லா சுத்தறானே."

"எங்க வூட்டு நெல்லு ரூம்புல இருக்கறான்" என்றாள் அம்மா. பெருமை தாங்கவில்லை அவளுக்கு.

தீமிதி முடிந்து, காப்பு அவிழ்த்து, அடுத்த நாள் ஊர்ப் பொதுவில் வரவு செலவு வாசிக்கிற வழக்கம். படித்தவன் என்று என்னைத்தான் வாசிக்கச் சொல்வார்கள். பந்தல், மேளம், தீமிதி விறகு என்று வாசித்துக்கொண்டே வந்தேன். அடுத்த வரி நாட்டாமை சொல்லி எழுதியது: 'ஊர் பாண்டிச்சேரிக்குப் போய் வந்த வகையில் செலவு.'

"ஊரு எப்படா போச்சி? நான் இங்கதான இருந்தேன்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கூட்டம் சிரித்தது.

எலினா எழுந்து, "அந்தச் செலவை நாம் தருவோம்" என்றார். நாட்டாமை கையமர்த்தினார். "நீ உக்காரும்மா. போனது ஊரு. ஊருதான் குடுக்கணும்."

டீசல், தேவராசு படி, செக்போஸ்டில் எல்லாருக்கும் டீ, பியூனுக்கு வெற்றிலை பாக்கு, எல்லாம் சேர்த்து எண்பத்தாறு ரூபாய்.